ஈரவாடைத் தீர்த்தம்: திருவரங்கத்து அத்யயன உற்சவமும் நினைவின் கட்டமைப்பும்

கேள்வி

வைகுண்ட ஏகாதசியன்று விடிவதற்கு முன் திருவரங்கத்தில் பரமபத வாசல் திறக்கிறது. இரத்தின அங்கியும் பாண்டியன் கொண்டையும் அணிந்த உற்சவர் நம்பெருமாள் அந்த வாசலைக் கடக்கச் சில நிமிடங்களே பிடிக்கின்றன. தொலைக்காட்சிக்கும் மறுநாள் செய்தித்தாளுக்கும் அந்தச் சில நிமிடங்கள்தாம் திருவிழா. ஊர் வழக்கிலும் அதற்குச் ‘சொர்க்கவாசல்’ என்றுதான் பெயர். கோயில் கணக்கோ வேறு. திருநெடுந்தாண்டகம் ஒரு நாள், பகல்பத்து பத்து நாள், இராப்பத்து பத்து நாள், அதற்கடுத்த விடியலில் நம்மாழ்வார் மோட்சம், பிறகு இயற்பா என்று நீளும் 22 நாள் ஒழுங்கில் வாசல் திறப்பது 12ஆம் நாள். முன்னே பதினொரு நாள், பின்னே பத்து நாள். உச்சம் என்று நாம் நினைப்பது ஏறக்குறைய நடுவில் இருக்கிறது.

ஒரு நிகழ்வை மறக்க முடியாததாக ஆக்குவது எது என்ற கேள்வியை இன்று திருமண மண்டப ஒப்பந்தக்காரர் முதல் பெருநிறுவன விளம்பரத்துறை வரை எல்லோரும் கேட்கிறார்கள். அதற்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றுதான்: ஓர் உச்சத்தை உண்டாக்கு, பார்ப்பவரை வியக்க வை. திருவரங்கத்து அத்யயன உற்சவத்தை வைத்து இந்த விடையைச் சோதிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்விழா தலைமுறை தாண்டி நினைவில் நிற்பதற்குக் காரணம் அது காட்டும் காட்சி அன்று, அது பகிர்ந்தளிக்கும் வேலை என்பது என் வாதம். கண்டவர் நினைவைவிடச் செய்தவர் நினைவு வேறு வகையானது, நீடிப்பது. இதற்குத் திருவரங்கத்தின் வரலாறு ஒரு கொடிய சோதனையையே நடத்திக் காட்டியிருக்கிறது. அதைப் பின்னர் பார்ப்போம்.

இதுவரை சொல்லப்பட்டவை

நிகழ்வுகளை வடிவமைப்பது பற்றிய இன்றைய பேச்சின் மூலங்களில் ஒன்று ஜோசப் பைனும் ஜேம்ஸ் கில்மோரும் 1999இல் வெளியிட்ட ‘அனுபவப் பொருளாதாரம்’ என்ற நூல். பண்டத்தை விற்ற காலமும் சேவையை விற்ற காலமும் போய், இனி அனுபவத்தை அரங்கேற்றி விற்கும் காலம் என்றார்கள் அவர்கள். நூலின் அடிப்படை உவமை நாடக அரங்கு. ஊழியர் நடிகர், வாடிக்கையாளர் விருந்தினர். விருந்தினர் வந்து அனுபவித்து, நினைவை எடுத்துக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். பங்கேற்பைப் பற்றியும் அவர்கள் பேசவே செய்கிறார்கள். ஆனால் அந்தப் பங்கேற்பு கட்டணம் செலுத்தியவர் துய்க்கும் சுவையாகவே நிற்கிறது. அவர் வராவிட்டால் எதுவும் தடைப்படாது.

உளவியல் தரப்பிலிருந்து வந்த வலுவான கருத்து டேனியல் கானமனும் அவருடைய கூட்டாளிகளும் 1993இல் வெளியிட்ட ஆய்வைச் சார்ந்தது. 14 பாகை குளிர்நீரில் 60 விநாடி கையை வைத்திருப்பது ஒரு முறை. அதே 60 விநாடிக்குப் பின் நீரை ஒரு பாகை மட்டும் சூடேற்றி இன்னும் 30 விநாடி வைத்திருப்பது மறு முறை. எதைத் திரும்பச் செய்ய விரும்புகிறீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீண்டதையே தேர்ந்தார்கள். கால அளவு நினைவில் தங்குவதில்லை, உச்சமும் முடிவுமே தங்குகின்றன என்பது முடிவு. நிகழ்வு நடத்துவோர் இதைப் பிடித்துக்கொண்டார்கள். உச்சத்தைக் கூட்டு, முடிவை இனிப்பாக்கு, நடுவில் உள்ளதைப் பற்றிக் கவலை வேண்டாம். குளிர்நீரில் தனியாகக் கை நனைத்தவரின் நினைவிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கூடும் திருவிழாவின் நினைவுக்குத் தாவுவது பெரிய தாவல் என்பதை அவர்கள் பொருட்படுத்தவில்லை.

மானிடவியல் இன்னும் நெருங்கி வருகிறது. ஆர்னால்ட் வான் கென்னப் 1909இல் சடங்கைப் பிரிதல், வாசற்படியில் நிற்றல், மீண்டும் சேர்தல் என மூன்றாகப் பகுத்தார். விக்டர் டர்னர் 1969இல் அந்த வாசற்படி நிலையை விரித்து, அங்கே சமூகப் படிநிலைகள் கரைந்து ஒரு தோழமை பிறக்கிறது என்றார். வாசலையே பெயராகக் கொண்ட விழாவுக்கு இந்தக் கருத்து கச்சிதமாகப் பொருந்துவதுபோல் தோன்றும். ஆனால் திருவரங்கத்தில் வாசலைக் கடக்கும்போது படிநிலை கரைவதில்லை. யார் முன்னே, யார் பின்னே, யாருக்கு எந்த இடத்தில் தீர்த்தம், சடாரி என்பதெல்லாம் அன்றுதான் மிகக் கறாராக வெளிப்படுகின்றன. ஹார்வி வைட்ஹவுஸ் வேறொரு பகுப்பைத் தருகிறார். அடிக்கடி நடக்கும் அமைதியான சடங்குகள் கருத்தாக நினைவில் பதியும், அரிதாக நடக்கும் கொந்தளிப்பான சடங்குகள் காட்சியாகப் பதியும் என்பது அது. அத்யயன உற்சவம் இந்த இரண்டு கூடைக்கும் அடங்காது. அது ஒரே விழாவுக்குள் இரண்டையும் வைத்திருக்கிறது. பத்து நாள் அமர்ந்து பாசுரம் கேட்பதும், ஒரே விடியலில் கூட்டம் அலைமோதுவதும் ஒரே ஒழுங்கின் பகுதிகள்.

தமிழிலும் இவ்விழா பற்றி எழுதப்பட்டவை குறைவல்ல. ஆனால் அவற்றில் பெரும்பகுதி பக்தி நோக்கில் தல மகிமை சொல்வது அல்லது பிரபந்த வரலாற்றின் கிளையாக விழாவைப் பார்ப்பது. வசுதா நாராயணன் 1994இல் எழுதிய நூல் திருவாய்மொழி ஓதப்படும், ஆடப்படும், உரை சொல்லப்படும் விதங்களைச் சேர்த்துப் பார்த்த முக்கியமான முயற்சி. நான் கேட்கும் கேள்வி அதற்குப் பக்கத்தில் நிற்பது: இந்த ஏற்பாடு நினைவை எங்கே வைத்துப் பாதுகாக்கிறது?

22 நாளின் அமைப்பு

முதலில் கவனிக்க வேண்டியது, விழாவின் நாள்கணக்கு நூலின் கணக்கு என்பது. நாதமுனிகள் தொகுத்ததாக வைணவ மரபு போற்றும் நாலாயிர திவ்வியப் பிரபந்தத்தில் முதல் இரண்டு ஆயிரங்கள் பகல்பத்துக்கு உரியவை. நான்காம் ஆயிரமான நம்மாழ்வாரின் திருவாய்மொழி இராப்பத்துக்கு உரியது. மூன்றாம் ஆயிரமான இயற்பா இசையோடு பாடப்படுவதன்று. அது கடைசிக்கு ஒதுக்கப்பட்டு இசையின்றிச் சேவிக்கப்படுகிறது. திருவாய்மொழி பத்துப் பத்துகளால் ஆனது, இராப்பத்தும் பத்து இரவுகளால் ஆனது. ஓர் இரவுக்கு ஒரு பத்து. ஆக, எத்தனையாவது நாள் என்று தெரிந்தால் எந்தப் பாசுரம் என்று தெரியும். பாசுரம் தெரிந்தால் நாள் தெரியும். நூல் விழாவை நினைவில் வைத்திருக்கிறது, விழா நூலை நினைவில் வைத்திருக்கிறது. ஒன்றில் ஒரு கண்ணி அறுந்தால் மற்றதைக் கொண்டு கோத்துவிடலாம். இதைவிடச் சிக்கனமான நினைவுக் கருவியை நான் அறியேன்.

இரண்டாவது, இடத்தின் ஒழுங்கு. பகல்பத்தில் பெருமாள் அர்ஜுன மண்டபத்தில் வீற்றிருந்து அரையர்கள் பாடுவதைக் கேட்கிறார். இராப்பத்தில் ஆயிரங்கால் மண்டபத்தின் திருமாமணி மண்டபத்துக்குச் செல்கிறார். ஒன்று உள்ளே, மற்றது வெளியே. இரண்டுக்கும் இடைப்பட்ட வழிதான் ஏகாதசி விடியலின் வழி. அதில் விரஜா நதி மண்டபம் என்று ஒன்று உண்டு. இவ்வுலகத்துக்கும் வைகுண்டத்துக்கும் இடையே ஓடுவதாகச் சொல்லப்படும் ஆற்றின் பெயர் அந்த மண்டபத்துக்கு. அங்கே நின்று வேத பாராயணம் கேட்ட பிறகே வாசல் திறக்கும். அப்பால் சந்திர புஷ்கரணிப் பக்கம், மணல்வெளி, தற்காலிகமாக எழுப்பிய திருக்கொட்டகை, பிறகு ஆயிரங்கால் மண்டபம். வைகுண்டம் எப்படி இருக்கும் என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை. கூடவே நடந்தவருக்குக் காலே வழி சொல்லும்.

மூன்றாவது, தாளக்கட்டு. பகல்பத்தின் கடைசி நாள் நாச்சியார் திருக்கோலம், ஊரார் வழக்கில் மோகினி அலங்காரம். மறுநாள் விடியலில் இரத்தின அங்கி. இராப்பத்து 7ஆம் நாள் திருக்கைத்தல சேவை. பல்லக்கு இல்லை, வாகனம் இல்லை, அர்ச்சகர்களின் உள்ளங்கைகளில் பெருமாள். அடுத்த நாளே நேர்மாறாக, தங்கக் குதிரை ஏறி மணல்வெளியில் முன்னும் பின்னும் ஓடும் வேடுபறி. திருமங்கை மன்னன் பெருமாளையே வழிமறித்துக் கொள்ளையடிக்க வந்த கதை அது. அந்த நாளில் பரமபத வாசல் திறப்பதில்லை. உச்சம் ஒன்றே போதும் என்று நினைப்பவர் இப்படி வாசலை அடைத்துவைக்கத் துணியமாட்டார். அமைதி, நெருக்கம், ஓட்டம், மூடல் என்று மாறிமாறி வரும் இந்த நடை, ஒரு நாளை இன்னொரு நாளோடு குழப்பிக்கொள்ள விடாமல் காக்கிறது. பெருமாளைத் தோளில் சுமக்கும் ஸ்ரீபாதம் தாங்குவார்களின் நடையிலும் இதே நுணுக்கம் உண்டு. புறப்படும்போது சிங்க நடை, திரும்பிக் கருவறை புகும்போது பாம்பின் நடை என்று இடத்துக்கு இடம் அது மாறும். அந்த நடை எந்த ஏட்டிலும் முழுதாக இல்லை, சுமப்பவரின் முழங்காலில் இருக்கிறது.

நான்காவதாக வருவதே என் வாதத்துக்கு மையமானது: வேலைப் பகிர்வு. அரையர் கூம்புக் குல்லாய் அணிந்து, கையில் தாளத்துடன் பாசுரத்தைப் பாடுகிறார், அபிநயம் பிடிக்கிறார், பிறகு வியாக்கியானம் சொல்கிறார். ஒருவரே பாடகர், நடிகர், உரையாசிரியர். கோஷ்டியில் அமர்ந்து சேவிப்போர் வேறு. வேத பாராயணக்காரர், பட்டர், மாலை கட்டுவோர், தீவட்டி பிடிப்போர், குடை பிடிப்போர், திருமஞ்சனத்துக்கு நீர் சுமப்போர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கைங்கரியம், ஓர் இடம், ஒரு வேளை. உரியவரைப் பெருமாள் பெயரால் அழைக்கும் ‘அருளிப்பாடு’ என்ற முறை இங்கே கவனத்துக்குரியது. கூட்டத்திலிருந்து ஒருவர் தம் பெயராலோ பட்டத்தாலோ அழைக்கப்பட்டு, தம் பங்கைச் செய்து, அதற்குரிய மரியாதையைப் பெறுகிறார். அவர் வராவிட்டால் அந்த இடம் காலியாகத் தெரியும். தாம் இல்லாவிட்டால் நிகழ்வில் ஒரு துளை விழும் என்று அறிந்தவர் அந்த நிகழ்வை மறப்பதில்லை. உளவியலாளர் உச்சத்தில் தேடியதை நான் இந்த இடத்தில் காண்கிறேன்.

முடிவும் இதையே காட்டுகிறது. இராப்பத்தின் பத்து இரவுகளில் திருவாய்மொழி முற்றுப்பெற்றதும், அடுத்த விடியலில் நம்மாழ்வாரை அர்ச்சகர்கள் கைகளில் ஏந்திச் சென்று பெருமாள் திருவடியில் வைத்துத் துளசியால் மூடுகிறார்கள். ஆழ்வார் வீடுபேறு அடைந்துவிட்டார். கானமன் கணக்குப்படி இங்கே முடித்திருந்தால் போதும், இதைவிட இனிய முடிவு ஏது? ஆனால் விழா இங்கே முடிவதில்லை. ஆழ்வாரை உலகத்துக்குத் திருப்பித் தர வேண்டும் என்று வேண்டுகோள் எழுகிறது. துளசி விலக்கப்படுகிறது, ஆழ்வார் திரும்பி வருகிறார். அவருக்கு இங்கே வேலை இருக்கிறது. அடுத்த ஆண்டும் அவர் பாசுரம் கேட்கப்பட வேண்டும். முடிவைத் திறந்தே வைக்கும் இந்த ஏற்பாடு, நினைவை நிறைவின் மேல் கட்டாமல் கடமையின் மேல் கட்டுகிறது.

திருச்சி மலைக்கோட்டையிலும் இதன் சிறிய வடிவம் ஒன்றைக் காணலாம். தாயுமானவர் கோயில் சித்திரைத் திருவிழாவில் நடக்கும் செட்டிப்பெண் மருத்துவம், காவிரி வெள்ளத்தால் தாய் வந்துசேர முடியாத இரத்தினாவதிக்கு ஈசனே தாயாக வந்து பேறுகாலம் பார்த்த கதையை நிகழ்த்திக் காட்டுகிறது. அங்கே கர்ப்பிணிகள் பார்வையாளராக மட்டும் நிற்பதில்லை. பிரசாதமாகத் தரும் மருந்தையும் எண்ணெயையும் வாங்கிப் போகிறார்கள். சுகப்பிரசவம் ஆனதும் வாழைத்தார் கொண்டுவந்து செலுத்துகிறார்கள். நிகழ்வு அன்றைய மாலையோடு முடியாமல் ஒருவரின் வீட்டுக்குள் சில மாதம் ஓடி, மீண்டும் மலையேறி வருகிறது.

48 ஆண்டு

இப்போது அந்தக் கொடிய சோதனை. 1323இல் தில்லிப் படையெடுப்பின்போது அழகிய மணவாளன் என்ற உற்சவத் திருமேனியை ஊரைவிட்டு எடுத்துச் சென்றார்கள். முதுமையில் அந்தப் பயணத்துக்குத் தலைமை தாங்கிய வைணவ ஆசாரியர் பிள்ளைலோகாசாரியர் மதுரைக்கு அருகே ஜோதிஷ்குடியில் மறைந்தார். திருமேனி கேரளம், மைசூர்ப் பகுதி, திருமலை என்று அலைந்து, செஞ்சியில் இருந்த விஜயநகரத் தளபதி கோபண்ணரின் முயற்சியால் 1371இல் திருவரங்கம் திரும்பியது. திரும்பிய ஆண்டுக்குச் சான்று கோயிலின் வரலாற்றேடான கோயிலொழுகு மட்டுமன்று. சக ஆண்டு 1293ஐக் குறிக்கும் கோபண்ணரின் கல்வெட்டு கோயிலிலேயே இருக்கிறது. கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஸ் அதை ‘எபிகிராபியா இண்டிகா’வில் பதிப்பித்தார்.

48 ஆண்டு என்பது சாதாரண இடைவெளியன்று. 1323இல் இருபது வயதாக இருந்தவருக்கு 1371இல் 68 வயது. விழாவை முழுமையாகக் கண்ணால் கண்டு, அதைச் சொல்லத்தக்க நிலையில் மிஞ்சியோர் விரல்விட்டு எண்ணத்தக்கவராகவே இருந்திருப்பர். காட்சியே நினைவின் சேமக்கலம் என்றால், விழா மீண்டிருக்கவே கூடாது, அல்லது அடையாளம் தெரியாத வேறொன்றாக மீண்டிருக்க வேண்டும். ஆனால் பாசுரங்கள் மனப்பாடத்தில் இருந்தன. அவற்றின் எண்ணிக்கையில் நாட்கள் இருந்தன. வேலைகள் குடிகளோடு இருந்தன. விழாவைத் திரும்பக் கட்டுவதற்கு எவரும் முழுப்படத்தையும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் தத்தம் துண்டை நினைவில் வைத்திருந்தால் போதும்.

கோயிலொழுகு சொல்லும் கதை இதை என்னைவிட நன்றாகச் சொல்கிறது. திருமேனி திரும்பியபோது அதன் இடத்தில் இன்னொரு திருமேனி எழுந்தருளியிருந்தது. எது பழையது என்று துணிந்து சொல்ல ஆளில்லை. கோயிலின் பழைய வண்ணான், ஈரங்கொல்லி என்று வழங்கும் பணிக்குரியவர், வயது முதிர்ந்து கண்பார்வை இழந்திருந்தார். பெருமாளின் திருமஞ்சன ஆடையைப் பிழிந்த ஈரவாடைத் தீர்த்தத்தைப் பருகி வந்தவர் அவர். இரண்டு திருமேனிக்கும் திருமஞ்சனம் செய்து ஈர ஆடையின் தீர்த்தத்தைத் தரச் சொன்னார். சுவைத்தார். இவரே நம்பெருமாள் என்றார். அதுவரை அழகிய மணவாளனாக இருந்தவருக்கு அன்றுமுதல் நம்பெருமாள் என்ற பெயர் நிலைத்தது என்பது மரபு.

இது நடந்ததா என்று கேட்பது நியாயம். கோயிலொழுகு பல கைகள் பல காலங்களில் எழுதிச் சேர்த்தது. வி. என். ஹரிராவ் 1961இல் அதை ஆங்கிலமாக்கி வெளியிட்டபின் வந்த ஆய்வாளர்கள் அதன் காலக்குழப்பங்களைத் தொடர்ந்து சுட்டிவந்திருக்கிறார்கள். நானும் இக்கதையை நடந்ததற்குச் சான்றாக வைக்கவில்லை. நினைவு எங்கே இருக்கிறது என்று இம்மரபு நினைத்தது என்பதற்கான சான்றாக வைக்கிறேன். திருமேனியை அடையாளம் காட்டக் கதை ஆசாரியரைத் தேடவில்லை, அர்ச்சகரைத் தேடவில்லை. கண்ணுள்ளவரையே தேடவில்லை. பார்வையற்ற ஒருவரை, அவர் செய்த வேலையின் வழியே நாக்கில் தங்கிய சுவையைத் தேடியது. காட்சியைச் சாட்சியாக ஏற்க மறுக்கும் இதைவிடத் தெளிவான கதை வேண்டுமா? இதன் பின்பகுதியும் சிறப்பு. தோற்ற திருமேனியை அப்புறப்படுத்தவில்லை. திருவரங்க மாளிகையார் என்ற பெயரில் யாகசாலைக்கு எழுந்தருளும் பணி அவருக்குக் கொடுக்கப்பட்டது, இன்றும் தொடர்கிறது. இடைக்காலத்தில் இருந்தவருக்கும் ஒரு வேலை. அப்படியே புதிய புரவலர்களும் உள்ளே சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். சித்திரைத் தேர்த்திருவிழா விருப்பன் திருநாள், தைத்திருவிழா பூபதித் திருநாள் என்று விஜயநகர இளவரசர் பெயர்களை இன்றும் தாங்குகின்றன.

மறுப்புகள்

‘வடிவமைப்பு’ என்ற சொல்லையே ஒருவர் மறுக்கலாம். விழாவை எவரும் உட்கார்ந்து திட்டமிடவில்லை, அது காலப்போக்கில் படிந்த வண்டல் என்பார் வரலாற்றாளர். அது அநாதி என்பார் பக்தர். பக்தருக்கு மறுமொழி அவருடைய மரபிலேயே இருக்கிறது. திருவாய்மொழிக்கு விழா எடுத்தவர் திருமங்கையாழ்வார், மற்ற ஆழ்வார்களின் பாசுரங்களையும் சேர்த்து அதை விரித்தவர் நாதமுனிகள், கோயில் நிர்வாகத்தைத் திருத்தியமைத்தவர் இராமானுசர் என்று அந்த மரபே மனிதர் பெயர்களைச் சொல்கிறது. வரலாற்றாளரின் வண்டல் உவமை பாதி உண்மை. முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டு ஒன்று திருவிழா இரவுகளில் குலசேகராழ்வாரின் பதிகம் பாடப்பட்டதைக் குறிக்கிறது. பாசுரமும் விழாவும் படிப்படியாகவே இணைந்தன. ஆனால் வண்டல் தானே படியும். இங்கே ஒவ்வொரு சேர்க்கையும் யாருக்கு என்ன பங்கு என்ற பேச்சுவார்த்தையோடு சேர்ந்தது. பல தலைமுறைகள் சேர்ந்து செய்ததால் அது வடிவமைப்பு இல்லை என்று ஆகிவிடாது.

இரண்டாவது மறுப்பு வலுவானது. ஏகாதசியன்று வரும் பெருங்கூட்டத்துக்குக் கைங்கரியமும் இல்லை, அருளிப்பாடும் இல்லை. வரிசையில் நிற்கிறார்கள், வாசலைக் கடக்கிறார்கள், போகிறார்கள். அவர்களுக்கும் அந்த நாள் மறப்பதில்லையே? மறப்பதில்லைதான். ஆனால் அவர்கள் சொல்வதைக் கேட்டால், கண்ட காட்சியைவிடச் செய்த செயலே முன்னே வரும். கண்விழித்தது, பட்டினி கிடந்தது, குளிரில் காவிரியில் முழுகியது, வாசலைக் காலால் கடந்தது. விழா அவர்களுக்குத் தரும் வேலைகள் இவை. விரதம் என்பது பங்கு இல்லாதவருக்கும் ஒரு பங்கு தரும் ஏற்பாடு. வாசலைத் திரையில் பார்த்தவருக்கும் நடந்து கடந்தவருக்கும் உள்ள வேறுபாடு இதனால்தான்.

மூன்றாவது மறுப்பை எளிதில் கடக்க முடியாது, கடக்கவும் கூடாது. நினைவு வேலையில் தங்குகிறது என்றால், அந்த வேலைகளைப் பங்கிட்டது யார்? பெரும்பாலும் பிறப்பு. அர்ஜுன் அப்பாதுரையும் கரோல் பிரெக்கன்ரிட்ஜும் 1976இல் தென்னிந்தியக் கோயிலை மரியாதைகள் பகிர்ந்தளிக்கப்படும் களமாக விளக்கினார்கள். பங்கு உள்ளவரே அந்தச் சமூகத்தின் உறுப்பினர், அதனால்தான் தீர்த்த வரிசை பற்றிய சண்டைகள் நீதிமன்றம் வரை போயின. இதன் மறுபக்கம் வெளிப்படை. பங்கு இல்லாதவர் உறுப்பினர் அல்லர். 1939இன் ஆலய நுழைவுச் சட்டத்துக்கு முன் பல சாதியினருக்குக் கோயில் வாசலே திறக்கவில்லை, பரமபத வாசலைப் பற்றி என்ன பேச? வெறும் பார்வையாளரைப் படைத்தது நவீனம் மட்டுமன்று. கதையளவில் மரபு இதை அறிந்தே இருக்கிறது. உறையூர்த் திருப்பாணாழ்வார் லோகசாரங்க முனிவரின் தோளில் ஏறி அரங்கனிடம் சென்றார். கைசிக ஏகாதசி முழுக்கப் பாணர் குலத்து நம்பாடுவானின் கதை. கதையில் நடுவிடம் தந்துவிட்டு, ஏற்பாட்டில் விளிம்புக்குத் தள்ளிய இந்த முரண் அமைப்பின் குறையே. ஆனால் இது என் வாதத்தை உடைப்பதில்லை. விலக்கப்பட்டவர் கேட்டது நல்ல காட்சியை அன்று, பங்கை. ஆலய நுழைவைத் தொடர்ந்து அர்ச்சகர் உரிமைக்கான கோரிக்கை எழுந்தது எதனால் என்று யோசித்தால் இது விளங்கும்.

நம் திருமணங்களிலும் இதே இடமாற்றம் கண்முன் நடக்கிறது. தாய்மாமன் சீர், நாத்தனார் முடிச்சு, பந்தி விசாரிப்பு என்று உறவுக்கு ஒரு வேலை இருந்த இடத்தில் இப்போது ஈவென்ட் மேனேஜ்மென்ட் ஆட்கள் சீருடையில் நிற்கிறார்கள். புகை கிளம்புகிறது, ட்ரோன் பறக்கிறது, மணமக்கள் நுழைகிறார்கள். படம் மிக நன்றாக வருகிறது. உறவினர் நாற்காலியில் அமர்ந்து கைப்பேசியில் எடுக்கிறார்கள். பழைய முறையில் இருந்த சாதிக் கட்டையும் பெண்கள் மேல் விழுந்த அடுக்களைச் சுமையையும் நான் மறக்கவில்லை. ஆனால் அவற்றை நீக்குவதற்கு எல்லோரையும் பார்வையாளராக்குவது ஒன்றே வழியன்று.

2020, 2021

அண்மையில் இதற்கு மற்றொரு சோதனையும் வந்தது. கொரோனா காலத்தில், 2020 டிசம்பர் 25 விடியலில் பரமபத வாசல் திறந்தபோது பக்தர்கள் அனுமதிக்கப்படவில்லை. ஒளிபரப்பில்தான் மக்கள் பார்த்தார்கள். பார்வையாளருக்காக அரங்கேற்றப்படும் நிகழ்வாக இருந்திருந்தால், அரங்கு காலியானதும் அது ஒத்திவைக்கப்பட்டிருக்கும், உலகெங்கும் அந்த ஆண்டு எத்தனையோ விழாக்கள் ஒத்திவைக்கப்பட்டதைப் போல. இங்கே அரையர் இருந்தார், ஸ்ரீபாதம் தாங்குவார் இருந்தார், வேத பாராயணம் இருந்தது. விரஜா நதி மண்டபத்தில் நிற்க வேண்டிய நேரம் நின்று, திறக்க வேண்டிய வாசல் திறந்தது. நிகழ்வு யாரை நோக்கியது என்பது அன்று ஐயமின்றித் தெரிந்தது. அதே வேளை, அந்த ஆண்டை வாசலுக்கு வெளியே கழித்தவர்களுக்கு அது ஓர் ஒளிபரப்பாக மட்டுமே மிஞ்சியது.

அடுத்த ஆண்டு இன்னும் நுட்பமானது. ஏனைய வைணவக் கோயில்களில் வைகுண்ட ஏகாதசி 2022 சனவரி 13. திருவரங்கத்தில் அது ஒரு மாதம் முன்னதாக, கார்த்திகை மாதத்திலேயே, 2021 டிசம்பர் 14 அன்று நடந்தது. காரணம் கணக்கு. மார்கழியின் கடைசியில் ஏகாதசி விழுந்தால் இராப்பத்து தை மாதத்துப் பூபதித் திருநாளோடு மோதும். அப்படி வரும்போது விழாவைக் கார்த்திகைக்கு முன்னே நகர்த்த வேண்டும் என்பது இக்கோயிலின் மரபு. 19 ஆண்டுக்கு ஒருமுறை இது வரும் என்பார்கள். 19 சூரிய ஆண்டும் 235 சந்திர மாதமும் ஏறக்குறைய சமம் என்ற வானியல் உண்மையோடு இது ஒத்துப்போகிறது. 19 ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் உயிர்பெறும் விதியை எந்தக் கூட்டமும் நினைவில் வைத்திருக்க முடியாது. பஞ்சாங்கத்தைப் பார்த்து, இந்த முறை நமக்குக் கார்த்திகையில் என்று சொல்ல வேண்டிய வேலை சிலருக்கு இருக்கிறது. அடுத்த முறை அதைச் சொல்லப் போகிறவர்களில் ஒருவர் இப்போது அர்ஜுன மண்டபத்தில் பெரியவர்களுக்குப் பின்னால், தாளம் எங்கே தட்ட வேண்டும் என்று பார்த்தபடி அமர்ந்திருக்கலாம்.